சூடாக்கியும் வாந்தி ஏன்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதியம் வாங்கிய வெள்ளைச் சோறு இரவு வரை மேசையிலேயே இருந்தது. குவாலியில் ஆவி பறக்க வறுத்துத்தான் சாப்பிட்டோம். இரண்டு மணி நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் வாந்தி. சூட்டில் கிருமி செத்திருக்காதா? கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கேட்டும் தரவில்லையே?
– வாசகி, செந்தூல்

பதில்: கிருமி செத்திருக்கும். அது விட்டுப்போன நஞ்சு அப்படியே இருக்கும். சோறு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. அதன் வித்துகள் உலைக் கொதியைத் தாங்கும். சோறு ஆறி அறைச் சூட்டுக்கு வந்ததும் முளைத்துப் பெருகும். அப்போது சில வகைகள் செரியுலைடு என்ற சிறு வளைய மூலக்கூறை உண்டாக்குகின்றன. 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அது சிதையாது. குவாலியில் ஐந்து நிமிடம் எம்மாத்திரம்?

செரியுலைடு செல் சவ்வில் ஓட்டை போடுவதில்லை. பினாங்கு ஃபெர்ரி படகு போல, பொட்டாசியம் அயனியை ஏற்றிக்கொண்டு சவ்வின் கொழுப்புக்குள் புகுந்து மறுபக்கம் இறக்கிவிடும். செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவின் சவ்வில் இது நடந்தால் இரு பக்கமும் இருக்க வேண்டிய மின்னழுத்த வேறுபாடு குலைந்து, ஆற்றல் உற்பத்தி படுத்துவிடும். வாந்தி வருவது வேறு வழியில்: குடல் நரம்பின் செரோட்டோனின் ஏற்பிகள் தூண்டப்படுவதால். டாக்டர் தரும் ஒண்டான்செட்ரான் அந்த ஏற்பியைத்தான் அடைக்கிறது. நஞ்சு சோற்றிலேயே தயாராகி வந்துவிட்டதால் ஆன்டிபயாட்டிக்குக்கு இங்கே வேலை இல்லை, தராதது சரியே. பெரும்பாலும் 24 மணி நேரத்தில் அடங்கும். அபூர்வமாகக் கல்லீரல் பழுதாகலாம் என்பதால் குழப்பம், அதிகத் தூக்கம், கண்ணில் மஞ்சள் தெரிந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மிச்சச் சோற்றை அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வையுங்கள். சட்டியோடு வைத்தால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். ரைஸ் குக்கரிலேயே வைப்பதானால் 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். மின்சாரம் மிச்சம் என்று சுவிட்சை அணைத்துவிட்டுச் சோற்றை உள்ளேயே விடுவதுதான் ஆகாத வேலை.

கேள்வி: அண்ணனுக்குச் சர்க்கரை நோய். காலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றி, அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். பென்சிலினோடு கிளிண்டமைசினும் ஏற்றினார்கள். ஒரே கிருமிக்கு ஏன் இரண்டு மருந்து?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: ஒன்று கிருமியைக் கொல்ல, மற்றது அதன் நஞ்சுத் தொழிற்சாலையை மூட. இந்தக் கிருமி சுரக்கும் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ நம் செல் சவ்விலுள்ள கொலஸ்ட்ராலைப் பிடித்து உட்காரும். 30 முதல் 50 மூலக்கூறுகள் வளையமாகக் கோத்துச் சவ்வுக்குள் இறங்கினால், ஏறக்குறைய 25 – 30 நானோமீட்டர் அகலத்தில் துளை. உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே ஓட, வெளியிலிருக்கும் கால்சியம் உள்ளே பாயும். துளை கொஞ்சமென்றால் அந்தக் கால்சியத்தையே அடையாளமாக வைத்துச் செல் ஒட்டுப்போட்டுக்கொள்ளும், அதிகமானால் செத்துவிடும்.

பென்சிலின் பாக்டீரியாவின் சுவர் கட்டும் வேலையைக் கெடுப்பது. சுவர் கட்டாத கிருமியிடம் அதற்குப் பிடி இல்லை. அழுகிய சதையில் கிருமிகள் நெருங்கிப் பெருகி, வளர்ச்சி மந்தமான பிறகு அதன் வீச்சு குறைந்துவிடுகிறது. 1952-இல் ஆய்வாளர் ஹாரி ஈகிள் எலிகளில் இதைக் காட்டினார்: சிகிச்சை தாமதமாகத் தாமதமாகப் பென்சிலின் தோற்றது. கிளிண்டமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமில் அமர்ந்து புரத உற்பத்தியையே நிறுத்தும். நஞ்சும் புரதம்தான். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது, எதிர்ப்புத் திறன் கொண்ட வகைகள் உண்டு, அதனால்தான் ஜோடி. ஏற்கெனவே சவ்வில் ஏறிவிட்ட துளையை இரண்டுமே பிடுங்காது என்பதால், கத்தி வைப்பதைத் தள்ளிப்போடாமல் செய்தது நல்லது.

பிறகு கிளிண்டமைசினை மாத்திரையாகக் கொடுத்தால் ஒரு கிளாஸ் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்கச் சொல்லுங்கள். படுத்தபடி போட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். நாளைக்கு மூன்று முறைக்கு மேல் நீராகப் பேதி போனால், மருந்து முடிந்து சில வாரம் கழித்தென்றாலும், டாக்டரிடம் சொல்ல வேண்டும். கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற வேறொரு நஞ்சுக்காரன் வந்திருக்கலாம். பேதியை நிறுத்தும் லோபெரமைடு வாங்கிப் போட்டு அடைக்காதீர்கள்.

கேள்வி: காலரா பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் எப்படி வேலை செய்கிறது? டின் ஐசோடோனிக் பானம் போதாதா?
– வாசகர், செராஸ்

பதில்: காலரா நஞ்சு குடல் செல் சவ்விலுள்ள ஜிஎம்1 கொழுப்பைப் பிடித்து உள்ளே நுழைந்து, குளோரைடு வாயிலைத் திறந்தபடி நிறுத்திவிடுகிறது, உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. (அந்த நஞ்சை 1959-இல் முயல் குடலில் நிரூபித்தவர் கொல்கத்தாவின் சம்பு நாத் டே.) ஆனால் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே வரும் வழியை அது தொடுவதில்லை. கரைசல் அந்த வழியாகத்தான் போகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல். ஐசோடோனிக் பானத்தில் உப்பு மிகக் குறைவு, இனிப்பு அதிகம், காலராவுக்கு உதவாது. கரைசல் பொடி பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீர்தான்: கூடினால் உப்பு போதாது, குறைந்தால் பேதியைக் கூட்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

கேள்வி: ஸ்ட்ரெப்டோலைசின் நஞ்சு கொலஸ்ட்ராலைப் பிடிக்கிறதென்றால், ஸ்டேட்டின் மாத்திரை போடுபவர்களுக்குப் பாதுகாப்பா?
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: சோதனைக்கூடத்தில் சவ்வின் கொலஸ்ட்ராலை உருவிவிட்டால் ஸ்ட்ரெப்டோலைசினால் துளைக்க முடியாது, உண்மை. ஸ்டேட்டின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அளவுக்குச் சவ்வைக் காலி செய்வதில்லை. இதயத்துக்காகப் போடுங்கள்.