முதலில் ‘ஆமா’ போடட்டும்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. வீட்டில் வாய் ஓயாது. வகுப்பில் விடை தெரிந்தாலும் எழுந்து சொல்ல மாட்டாள். மே மாதம் நாகர்கோவிலில் பத்து நாள் நாடகப் பயிற்சி முகாம் நடக்கிறது. சேர்த்தால் கூச்சம் போகுமா, இல்லை இன்னும் சுருங்கிவிடுவாளா?
– ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: இரண்டும் நடக்கும். முகாம் நடத்துகிறவரைப் பொறுத்தது. பணம் கட்டுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள்: “கடைசி நாள் நாடகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்ன வேலை?” “நல்லா பேசுறவங்களுக்கு வசனம், மத்தவங்க மரம், செடி” என்றால் வேண்டாம். மரமாக நிற்பதற்கு வகுப்பறையே போதும்.

கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். முன்னால் இருப்பவர் கதையை இழுத்துக்கொண்டு போவார். குடமும் உடுக்கும் வைத்திருப்பவர்கள் ‘ஆமா’ போடுவார்கள், கடைசி அடியைத் திருப்பிப் பாடுவார்கள். கூச்சப்படும் பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் வேஷம் எனக்குத் தெரியாது. குரல் மேடைக்கு வந்துவிடுகிறது, ஆனால் பார்வை முழுக்கத் தன்மேல் விழுவதில்லை. நான் நடத்திய ஒரு முகாமில் ஒரு சிறுமி இரண்டு நாள் ‘ஆமா’ தவிர எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் முன்பாட்டுக்காரப் பையன் கதையை மறந்து விழித்தான். பின்னாலிருந்து அடுத்த வரி வந்தது, அவளிடமிருந்து. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தோல்பாவைக்கூத்தும் அப்படித்தான். பாவையை ஆட்டிப் பேசுகிறவர் திரைக்குப் பின்னால் இருப்பார், முகம் தெரியாது. வீட்டிலேயே ஒரு வெள்ளை வேட்டி, டார்ச், பழைய அட்டைப்பெட்டியில் வெட்டிய நரி, காக்கா போதும். மகள் திரைக்குப் பின்னால் எவ்வளவு பேசுகிறாள் என்று பாருங்கள். முகாமுக்கு அவள் தயாரா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, பேச்சுவழக்கு. உங்கள் விளவங்கோட்டுப் பக்கத்துப் பிள்ளை ‘சொன்னான்’ என்பதற்கு ‘பறஞ்சான்’ என்று சொன்னால் நாகர்கோவிலில் நாலு பேர் சிரிப்பார்கள். அதற்குப் பயந்தே வாயை மூடிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளும் அப்படியா என்று விசாரியுங்கள். முதல் நாளே உச்சரிப்பைத் திருத்தும் பயிற்சியாளர் வேண்டாம். ஒருவருக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் இருந்தாலும் யோசியுங்கள்.

பத்து நாளில் எல்லாம் மாறிவிடாது. ஜூனில் வகுப்பில் கை தூக்குவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் தோழியிடம் சத்தமாகப் பேசினாலே பெரிய விஷயம். அதற்குள், “மாமா வந்திருக்காங்க, நடிச்சுக் காட்டு மக்களே” என்று விருந்தாளி முன் நிறுத்திவிடாதீர்கள். பத்து நாள் உழைப்பு அந்த ஒரு மாலையில் போய்விடும்.

பள்ளியில் ஒரு மாதத்துக்கு மேலாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, கழிப்பறைக்குப் போகக்கூடக் கேட்பதில்லை என்றால் அது வெறும் கூச்சமாக இருக்காது. முகாமுக்கு முன் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

எந்த நேரமும் பெற்றோர் உள்ளே வந்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். கூடாது என்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டாம். அனுமதி உண்டு என்பதற்காக முன்வரிசையில் போய் உட்காரவும் வேண்டாம். அவள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.