அயர்லாந்தின் பழைய கைவினைகளை இன்றைய கலைஞர்கள் மாற்றிச் செய்வது அவற்றைக் காப்பாற்றுகிறதா, கெடுக்கிறதா?

யார் கையில் மாறுகிறது என்பதைப் பொறுத்தது. பழைய வேலையைக் கற்றுத் தேர்ந்தவர் மாற்றுவது ஒரு ரகம். கெல்டிக் முடிச்சை, அதாவது ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் கோடுகளாலான பழைய அலங்காரத்தை, கோப்பையிலும் டி-ஷர்ட்டிலும் அச்சடித்து விற்பது இன்னொரு ரகம். பின்னதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, விட்டுவிடலாம்.

முதல் ரகத்தில் எனக்குப் பிடித்தவர் ஜோ ஹோகன். கால்வே மாவட்டத்தில் ஓர் ஏரிக்கரையில் 1978 முதல் கூடை பின்னுகிறார். அதற்கான வில்லோ மரக் குச்சிகளையும் தானே வளர்க்கிறார். மேற்கு அயர்லாந்தின் சுமைக்கூடைக்கு கிரீல் என்று பெயர். அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் வெட்டிய பீட் கட்டிகளும், வயலுக்கு எருவாகக் கடற்பாசியும் அதில்தான் வீடு வந்து சேரும். முதுகில் சுமப்பார்கள், இல்லையென்றால் கழுதையின் இரண்டு பக்கமும் தொங்கவிடுவார்கள். இதைத் தலைகீழாகத்தான் பின்ன வேண்டும். தடித்த குச்சிகளை மண்ணில் நட்டு, வாய்ப்பக்கத்தில் தொடங்கி மேலே ஏறி, கடைசியில் குச்சிகளை மடக்கி அடிப்பகுதியை முடிக்கிறார்கள். அப்புறம்தான் கூடையைத் தரையிலிருந்து பிடுங்குவது.

ஹோகன் பல வருடங்கள் இப்படிப் புழங்கும் கூடைகளையே செய்தார். பிறகுதான் சதுப்பு நிலத்தில் புதைந்து கிடந்த மரத்துண்டுகளோடு சேர்த்து, எந்தச் சுமைக்கும் ஆகாத கூடைகளையும் பின்ன ஆரம்பித்தார். 2018-இல் லோவே என்ற சர்வதேசக் கைவினைப் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனார். வடிவம் எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், பின்னலின் இறுக்கத்தில் கிரீல் பழகிய கை தெரிகிறது.

டோரதி கிராஸ் கைவினைஞர் அல்ல, சிற்பி. ஆனாலும் அவரை இங்கே சேர்ப்பேன். குர்ராக் என்பது மரச்சட்டத்தின் மேல் முன்பு மாட்டுத்தோலும், பின்னாளில் தார் பூசிய கித்தானும் போர்த்திய இலேசான படகு. 2013-இல் கிராஸ் அந்தச் சட்டத்துக்கு பாஸ்கிங் சுறாவின் தோலைப் போர்த்தினார். அக்கில் தீவில் 1970-கள் வரை ஈரல் எண்ணெய்க்காக இந்தச் சுறாவை குர்ராக்கில் போய்த்தான் ஈட்டியால் குத்தினார்கள். வேட்டைக்குப் போன படகுக்கே வேட்டையின் தோல். பழைய கைவினையைத் தொட்டு இதைவிடக் கூர்மையாக யாரும் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஜோசப் வால்ஷ் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனம். கார்க் மாவட்டக்காரர், மரவேலையைத் தானே கற்றவர். ஆஷ் மரத்தை மெல்லிய பட்டைகளாக அறுத்து, வளைத்து ஒட்டி, மேசையையும் கட்டிலையும் நாடா மாதிரி சுழல விடுகிறார். அசத்தல்தான், ஆனால் சாதாரண வீட்டு வாசலுக்குள் நுழையாத சாமான். அயர்லாந்தின் பாரம்பரியப் பந்து விளையாட்டான ஹர்லிங்குக்கு மட்டை செய்வதும் இதே ஆஷ் மரத்தில்தான். 2012-இல் அந்த நாட்டில் தென்பட்ட பூஞ்சை நோய் அந்த மரங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. மட்டைக்கே வெளிநாட்டு மரத்தை எதிர்பார்க்க வேண்டிய நிலை.

அயர்லாந்து போனால், முதலில் மேயோ மாவட்டத்தில் காசில்பார் பக்கத்திலுள்ள கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்துக்குப் போங்கள், கட்டணம் கிடையாது. உழைத்துத் தேய்ந்த சாமான்களை அங்கே பார்த்துவிட்டு, அப்புறம் கில்கென்னி கோட்டைக்கு எதிரே இருக்கும் தேசிய வடிவமைப்பு மற்றும் கைவினைக் காட்சிக்கூடத்துக்குப் போகலாம்.