கேளுங்கள், சொல்கிறோம்: நம்மூர்த் தெருவும் உலக மாநாடும்

(நகர வரலாற்று மாநாடுகள் பற்றி கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.)

கேள்வி: நகர வரலாற்றுக்கென்றே வெளிநாடுகளில் தனி மாநாடு நடக்கிறதாமே? பொதுவான வரலாற்று மாநாட்டிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது? கடலூர் மாதிரி ஊரைப் பற்றிப் பேசினால் யார் காது கொடுப்பார்கள்?
– முதுகலை மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: ஊரில் என்ன நடந்தது என்பது ஒரு கேள்வி. ஊர் எப்படி ஊரானது என்பது இன்னொன்று. 1758இல் தேவனாம்பட்டினத்து டேவிட் கோட்டையை பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்தார் என்று எழுதினால் அது போர் வரலாறு. கோட்டை போன பிறகும் முதுநகர், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் என்று ஆளுக்கொரு கடைத்தெருவோடு கடலூர் பிரிந்தே நின்றதே, ஏன் ஒரே இடத்தில் திரளவில்லை என்று கேட்டால் அது நகர வரலாறு.

இந்தத் துறைக்காரர்கள் கூடத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. 1955இல் ரோமில் நடந்த உலக வரலாற்றறிஞர் மாநாட்டில் நகர வரலாற்றுக்கென ஒரு பன்னாட்டு ஆணையம் அமைந்தது. ஐரோப்பிய ஊர்களின் பழைய வரைபடங்களை 1:2500 என்ற ஒரே அளவில் வரைந்து வெளியிடும் திட்டம் அதன் பிள்ளைதான்; இதுவரை 500க்கும் மேற்பட்ட ஊர்களுக்கு வரைபடத் தொகுதி வந்துவிட்டது. நகர வரலாற்றுக்கான அமெரிக்கச் சங்கம் 1988இல் பிறந்தது, ஐரோப்பியச் சங்கம் 1989இல். ஐரோப்பியச் சங்கம் 1992இல் ஆம்ஸ்டர்டாமில் முதல் மாநாட்டைக் கூட்டியது. அன்றிலிருந்து இரண்டாண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் வேறு ஊரில். 2020இல் ஆண்ட்வெர்ப்பில் நடக்க வேண்டியது கொரோனாவால் 2022க்குப் போனது. 2024இல் செக் நாட்டின் ஒஸ்ட்ராவாவில் கூடினார்கள். அது நிலக்கரியும் இரும்பும் வளர்த்த ஊர். நெய்வேலிக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. லண்டன், பாரிஸ் பற்றிக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் அங்கே நிறைய. துறைமுகச் சிற்றூர், சுரங்க ஊர், கோயில் ஊர் என்று வந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேள்வி: "புதுச்சேரி நகர வரலாறு – ஒரு பார்வை" என்ற தலைப்பில் இரண்டு மாநாடுகளுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பினேன். இரண்டும் திரும்பி வந்தன. ஆங்கிலத்தில் பிழை இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வேறு என்ன குறை?
– கல்லூரி ஆசிரியர், முத்தியால்பேட்டை

பதில்: "ஒரு பார்வை"தான் குறை. அந்தச் சொல் எங்கள் மேசைக்கு வரும் கட்டுரைகளில் பாதியைக் கெடுக்கிறது.

இந்த மாநாடுகள் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் அமர்வுகளுக்கு அழைப்பு வரும். ஆய்வாளர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, உதாரணமாக "துறைமுக நகரங்களில் குடிநீர்" என்று ஒரு பொருளை முன்வைப்பார்கள். ஏற்கப்பட்ட அமர்வுகளின் பட்டியல் வெளிவந்த பிறகுதான் கட்டுரைகளுக்கு அழைப்பு. ஆகவே உங்கள் சுருக்கத்தைப் படிப்பவர் பொதுவான நடுவர் இல்லை, குடிநீர் அமர்வை நடத்தப்போகிறவர். அவருக்குப் புதுச்சேரியின் முழுக்கதை வேண்டாம். தன் கேள்விக்குப் புதுச்சேரி என்ன பதில் சொல்கிறது என்பதே வேண்டும். அமர்வின் அறிவிப்பை மூன்று முறை படியுங்கள். அவர் கேட்டிருக்கும் கேள்வி ஒன்றையாவது உங்கள் முதல் பத்தி தொட வேண்டும்.

சுருக்கம் 300 சொல் என்று வைத்துக்கொள்வோம். நம்மவர்கள் அரிக்கமேட்டில் தொடங்குவார்கள், ரோமானிய மதுச்சாடி, 1945இல் வீலர் செய்த அகழாய்வு, பிறகு 1674, பிரெஞ்சுப் புதுச்சேரியை நிறுவிய பிரான்சுவா மார்த்தேன். அதற்குள் 200 சொல் தீர்ந்துபோகும். மாற்றிப் போடுங்கள். முதல் 40 சொல்லில் கேள்வி. அடுத்த 60 சொல்லில், இதுவரை எழுதியவர்கள் எதுவரை வந்து நின்றார்கள் என்பது. அடுத்த 100 சொல் முழுக்கச் சான்றுகள்: எந்த ஆவணக் காப்பகம், எந்த வரிசை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை. பிறகு 60 சொல்லில் அவற்றை எப்படிப் படிப்பீர்கள் என்பது. மிச்சம் 40 சொல், மற்ற ஊர்க்காரர்களுக்கு இதனால் என்ன பயன் என்று. சான்றுகளுக்கான அந்த 100 சொல்லை எழுத முடியவில்லை என்றால் கட்டுரை இன்னும் தயாராகவில்லை என்று பொருள்; அனுப்ப வேண்டாம்.

ஒரு மாதிரி. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள கிராமங்களும் அவர்களுக்கு என்பது பேச்சு. அந்த நினைவு குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்ற பெயர்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "கடலூர் வரலாறு – ஒரு பார்வை" என்று போட்டால் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். "பீரங்கி வரைந்த எல்லை: 1690இன் குண்டு கிராமங்களும் 1866இன் கடலூர் நகராட்சி எல்லையும்" என்று போடுங்கள். இரண்டு எல்லைக்கோடு, நடுவில் 176 ஆண்டு. இரண்டும் எங்கே பொருந்துகின்றன, எங்கே விலகுகின்றன, விலகினால் ஏன்? நகர எல்லை பற்றிய எந்த அமர்வுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்த தேதி ஆங்கில ஆவணத்தில் செப்டம்பர் 10, பிரெஞ்சு ஆவணத்தில் செப்டம்பர் 21. எதை நம்புவது?
– ஆய்வு மாணவர், மஞ்சக்குப்பம்

பதில்: இரண்டையும் நம்பலாம். இரண்டும் ஒரே நாள்.

பிரெஞ்சுக்காரரும் ஹாலந்துக்காரரும் அப்போதே புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள். ஆங்கிலேயர் 1752 செப்டம்பர்வரை பழைய ஜூலியனிலேயே இருந்தார்கள். இடைவெளி 1700க்கு முன் 10 நாள், 1700 மார்ச்சுக்குப் பின் 11 நாள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபது கிலோமீட்டர் சொச்சம். அந்தக் காலத்தில் காலையில் கிளம்பி மாலையில் போய்ச் சேர்ந்தவர் காகிதக் கணக்கில் 11 நாள் கழித்து இறங்கியிருப்பார். இதைக் கவனிக்காமல் டேவிட் கோட்டை ஆலோசனைக் குறிப்புகளையும் புதுச்சேரிக் கடிதங்களையும் ஒரே அட்டவணையில் அடுக்கினால், கடிதம் எழுதப்படுவதற்கு முன்பே பதில் வந்துவிடும்.

இன்னொரு கண்ணி. ஆங்கிலேயரின் சட்டப்படியான புத்தாண்டு அப்போது மார்ச் 25. அவர்கள் ஏட்டில் "1746 பிப்ரவரி" என்று இருந்தால் அது நம் கணக்கில் 1747 பிப்ரவரியாக இருக்கலாம். முன்பின் பக்கங்களைப் புரட்டி, டிசம்பருக்குப் பின் ஆண்டு எண் மாறுகிறதா என்று பார்த்துவிட்டே எழுத வேண்டும்.

பிரெஞ்சு ஆளுநரின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளையின் தமிழ் நாட்குறிப்பைச் சேர்க்கும்போது மூன்றாவது கணக்கும் வரும். சென்னை விழுந்தது அட்சய வருஷம் புரட்டாசியில். இன்றைய பஞ்சாங்கப்படி சித்திரை ஒன்று ஏப்ரல் 14 என்று வைத்துப் பின்னோக்கி எண்ணினால் தேதி தவறும். தமிழ்ச் சூரிய ஆண்டு கிரிகோரியன் ஆண்டைவிடச் சற்றே நீளம். அதனால் 1740களில் சித்திரை பிறந்தது ஏப்ரல் 10ஐ ஒட்டி. நான்கு நாள் இடறும்.

இத்தனைக்கும் ஒரு எளிய உரைகல் உண்டு: கிழமை. நாட்காட்டி எதுவானாலும் கிழமை மாறாது. ஆங்கிலக் கணக்கில் 1746 செப்டம்பர் 10 புதன், பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21ம் புதன். ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் கிழமையை எழுதி வையுங்கள். புதனும் வியாழனும் மோதினால் எங்கோ மாற்றத்தில் தவறு. கட்டுரையின் முதல் அடிக்குறிப்பில், "தேதிகள் எல்லாம் கிரிகோரியன்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அந்த வரியைப் பார்த்ததுமே இவர் மூல ஆவணத்தைத் தொட்டவர் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்களை பிரெஞ்சுக்காரர் போட்டார்கள் என்று எழுதலாமா?
– வழிகாட்டி, குருசுகுப்பம்

பதில்: அப்படி மொத்தமாக எழுதாதீர்கள். 1693இல் ஊரைப் பிடித்து 1699இல் திருப்பிக்கொடுத்த ஹாலந்துக்காரரின் வரைபடங்கள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்து, தமிழர் பகுதியின் சதுரக் கட்டத் தெருக்களின் வேர் ஹாலந்துத் திட்டத்தில் இருப்பதைக் காட்டியவர் ழான் தெலோஷ், அவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். சுற்றுலாப் பயணியிடம் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். மாநாட்டில் கையைத் தூக்குவார்கள்.

கேள்வி: பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தினேன். கடற்கரைப் பக்கம் சரியாக உட்கார்ந்தால் மேற்கே புல்வார் (பழைய ஊரைச் சுற்றிய சாலை) கோணுகிறது. அதைச் சரிசெய்தால் இது கோணுகிறது. எங்கே தப்பு?
– கட்டடக்கலை மாணவர், நெல்லித்தோப்பு

பதில்: கடற்கரையைப் பிடித்ததுதான் தப்பு. துறைமுக வேலைக்குப் பிறகு அரித்துப்போன கரை அது. அதற்கு முன்னும் ஒரே கோட்டில் நின்றதில்லை. நகராத புள்ளிகளே வேண்டும். கட்டடங்களை நம்புவதிலும் ஆபத்து. 1761 ஜனவரியில் ஊர் சரணடைந்த பிறகு ஆங்கிலேயர் கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர் பெரும்பாலும் பழைய தெருக்கோட்டிலேயே மறுபடி கட்டினார்கள். ஆகவே 1761க்கு முந்தைய படத்தில் வீட்டைவிடத் தெருச் சந்திப்பே உறுதி.

க்யூஜிஐஎஸ் மென்பொருளில் இப்படிச் செய்யுங்கள். படத்தை மடிப்பு நீக்கி, குறைந்தது 300 டிபிஐயில் ஸ்கேன் எடுத்திருக்க வேண்டும். கைபேசிப் படம் உதவாது, ஓரங்கள் வளைந்திருக்கும். ஆயத்தொலைவு அமைப்பு (இடத்தை மீட்டரில் குறிக்கும் கட்டம்) யூடிஎம் 44 வடக்கு. தெருச் சந்திப்புகளில் 12 முதல் 15 புள்ளி, நாலு மூலையிலும் நடுவிலும் பரவலாக. எல்லாவற்றையும் காந்தி வீதியிலேயே குத்தினால் மற்ற இடம் ரப்பராக இழுபடும். முதலில் முதல்படி பல்லுறுப்புக் கோவை, அதாவது படத்தை வளைக்காமல் நகர்த்தி, சுழற்றி, நீட்டி, சாய்த்து மட்டும் பொருத்தும் முறை. அதற்கு மூன்று புள்ளியே போதும், ஆனால் மிச்சப் புள்ளிகள்தான் பிழையைக் காட்டிக்கொடுக்கும். பிழை அதிகமான புள்ளியை உடனே அழித்துவிடாதீர்கள். ஒருவேளை அந்தத் தெருவே பிற்காலத்தில் நகர்ந்திருக்கும், உங்கள் கட்டுரையே அங்கேதான் இருக்கும். எல்லாப் புள்ளியையும் கச்சிதமாக உட்காரவைக்கும் "தின் பிளேட் ஸ்ப்ளைன்" முறையை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். பிழையைத் திருத்தாது, மறைக்கும்.

அளவுகோலையும் கவனியுங்கள். பிரெஞ்சுப் படம் துவாஸ் கணக்கில் இருக்கும், ஒரு துவாஸ் 1.949 மீட்டர். ஹாலந்துப் படத்தில் ரைன்லாந்துக் கோல், 3.767 மீட்டர். இரண்டையும் குழப்பினால் ஊர் இரண்டு மடங்கு வீங்கிவிடும். பல படங்களில் வடக்கு மேலே இருக்காது. கப்பலிலிருந்து பார்ப்பதுபோல் கடல் கீழேயும் ஊர் மேலேயும் இருக்கும்; முதலில் சுழற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆவணம் பார்க்க பிரான்சுக்கே போக வேண்டுமா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: முதலில் உங்கள் பேட்டையிலேயே இருக்கிற இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளைக்குப் போங்கள். பிரான்சுக்குப் போனவை எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளில் ஒரு பகுதியை அவர்கள் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். தென்னார்க்காடு மாவட்ட ஆவணங்களுக்கு எழும்பூர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். துறைத்தலைவர் கடிதம், அடையாள அட்டை, பென்சில் மூன்றும் கையில் இருக்கட்டும். பேனாவைப் பெரும்பாலும் வெளியே வாங்கி வைத்துவிடுவார்கள்.

பிரெஞ்சுப் பட்டியலில் கடலூரைத் தேடினால் கிடைக்காது. அவர்கள் "கூதலூர்" என்பதுபோல் ஜி எழுத்தில் தொடங்கி எழுதினார்கள். தேவனாம்பட்டினம் "தெக்னபட்டம்", பரங்கிப்பேட்டை "போர்ட்டோ நோவோ". வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் கதாஸ்தர் (பிரெஞ்சு நில அளவைப் பதிவு) எண்ணைக் குறித்துக்கொண்டு போனால், பழைய நில அளவைப் படத்தில் உங்கள் தெருவையே மனைவாரியாகப் பிடிக்கலாம்.

கேள்வி: சுருக்கம் ஏற்கப்பட்டுவிட்டது. விசா, செலவு, மேடைப் பேச்சு மூன்றும் பயமாக இருக்கிறது.
– ஆய்வு மாணவி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: புதுச்சேரியில் பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறதே என்று எல்லா ஐரோப்பியப் பயணத்துக்கும் பிரான்சிடம் விண்ணப்பிக்கும் பழக்கம் இங்கே உண்டு. மாநாடு செக் நாட்டில் என்றால் செக் நாட்டிடமே கேட்க வேண்டும். அதிக நாள் தங்கும் நாடு எதுவோ அதுதான் கணக்கு. ஷெங்கன் விசாவுக்கு (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45. கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பாஸ்போர்ட் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். (பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரி வீட்டார் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) பயண உதவிக்கு டெல்லியிலுள்ள இந்திய வரலாற்று ஆய்வு மன்றத்துக்கு விண்ணப்பியுங்கள். ஏற்புக் கடிதம் இல்லாமல் பரிசீலிக்க மாட்டார்கள்; அது வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். மாநாட்டுக் கட்டணத்தில் மாணவர் சலுகையும் கேளுங்கள், கேட்காதவர்களுக்குத் தானாக வராது.

பேச்சுக்கு 20 நிமிடம் கொடுத்தால் 2,000 ஆங்கிலச் சொல்லுக்குமேல் எழுதாதீர்கள். நிமிடத்துக்கு 120 சொல் வரை பேசலாம். நாம் பதற்றத்தில் 160க்குப் போவோம், கேட்பவருக்கு ஊர்ப்பெயர் ஒன்றும் ஒட்டாது. முதல் படம் ஊரின் வரைபடமாக இருக்கட்டும்; அது திரையில் ஒரு நிமிடம் நிற்கட்டும். "திருப்பாதிரிப்புலியூர்" என்று சொல்லும்போது திரையிலும் அந்தப் பெயரைக் காட்டுங்கள், ஆங்கில ஆவணத்தில் அது சிதைந்து வரும் வடிவத்தோடு. கேள்வி நேரத்தில் ஆவண எண் கேட்பார்கள், தனித்தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் தேட ஆரம்பித்தால் அமர்வுத் தலைவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்.