இரண்டு டயாலிசிஸ் ஆகிவிட்டது... இனி ஆயுள் முழுக்கவா?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறார். போன வாரம் மூன்று நாள் வாந்தி, பேதி. கூடவே மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டார். சிறுநீர் வெகுவாகக் குறைந்தது. ரத்தத்தில் கழிவு தேங்குவதைக் காட்டும் கிரியாட்டினின் 1.0-இலிருந்து 5.4 ஆகி, இரண்டு முறை டயாலிசிஸ் செய்துவிட்டார்கள். இனி ஆயுள் முழுக்க இப்படித்தானா, டாக்டர்?

பதில்: அப்படி இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கெடும் சிறுநீரகம் வேறு, உங்கள் அப்பாவுக்கு வந்ததுபோல் சில நாட்களில் செயலிழப்பது வேறு. சிறுநீரக நுண்குழாய்களின் செல்கள் அடிபட்டாலும் மறுபடி வளரக்கூடியவை. அதுவரை கழிவுகளையும், இதயத் துடிப்பையே குலைத்துவிடும் பொட்டாசியத்தையும் வெளியேற்றத்தான் டயாலிசிஸ். பலருக்கு அது சில நாட்களோ சில வாரங்களோதான்.

ஏன் இப்படி ஆனது? இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. உடம்பில் நீர் வற்றினால் அந்த ரத்தம் குறையும். உடனே சிறுநீரகம் தன் நுண்ணிய வடிகட்டிக்குள் நுழையும் ரத்தக் குழாயை விரித்து, வெளியேறும் ரத்தக் குழாயைச் சுருக்கி, அழுத்தத்தைக் காப்பாற்றப் பார்க்கும். டைக்ளோஃபெனாக் அந்த விரிதலைத் தடுக்கிறது. டெல்மிசார்ட்டான் அந்தச் சுருக்கத்தைத் தளர்த்துகிறது. தற்காத்துக்கொள்ள இருந்த இரண்டு வழியும் ஒரே நேரத்தில் அடைபட்டுவிட்டன.

என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது வீட்டிலுள்ள அத்தனை மாத்திரை அட்டைகளையும்தான். வலி மாத்திரையை யாருமே கணக்கில் சொல்வதில்லை. எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அப்பாவுக்கு இனி டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை வேண்டாம். ஆனால் அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, தொடங்கவும் கூடாது. வாந்தி, பேதி வந்தால் எதை எத்தனை நாள் நிறுத்துவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள்.

இந்த வயது ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப் பாதை அடைபட்டு, அதனால் சிறுநீர் குறைவதும் உண்டு. ஸ்கேன் எடுக்கவில்லையென்றால் கேளுங்கள்.

'நிறையத் தண்ணீர் குடித்தால் சரியாகும்' என்று உறவினர்கள் சொல்வார்கள். சிறுநீர் வராதபோது அந்த நீர் நுரையீரலில்தான் போய்த் தேங்கும். மருத்துவர் சொன்ன அளவு மட்டும் கொடுங்கள். தினமும் எடையையும் சிறுநீர் அளவையும் குறித்து வையுங்கள். சிறுநீர் பெருகிய பிறகும் கிரியாட்டினின் இறங்கச் சில நாள் பிடிக்கலாம். கலங்காதீர்கள். வீடு திரும்பியதும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை, மூன்றாம் மாதம் கிரியாட்டினினோடு சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். முகம், கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.