சகோதரனிடம் கடன்சீட்டு கேட்கலாமா?

அஸ்ஸலாமு அலைக்கும்.

எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசல் வட்டாரத்தில்) 60 குடும்பங்கள். வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொண்டவர்களை மீட்கலாம் என்று பைத்துல்மால் (பொது நிதி) ஒன்று தொடங்கினோம். மாதச் சந்தா, ரமளானில் வரும் ஜகாத் (கட்டாய தர்மம்), நோன்புப் பெருநாள் தர்மமான ஃபித்ரா, ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) வசூல் எல்லாம் ஒரே பெட்டி, ஒரே கணக்கு. முதல் வருடம் நன்றாக ஓடியது. இப்போது கொடுத்த கடனில் மூன்றில் ஒரு பங்கு நின்றுபோய்விட்டது. கேட்டால், "பொதுப் பணம்தானே, அல்லாஹ்வுக்காகக் கொடுத்ததுதானே" என்கிறார்கள். எழுதி வாங்கியிருக்கலாமே என்றால், "சகோதரனிடம் சீட்டு கேட்பதா?" என்று பெரியவர் ஒருவர் கோபித்துக்கொள்கிறார். கேட்கிறவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள்; உண்மையில் கஷ்டப்படுகிறவர்கள் வாசல் பக்கமே வருவதில்லை. முஸ்லிம்கள் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்று ஜும்ஆதோறும் கேட்கிறோம். எப்படி உதவுவது என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு வாசகர்

வ அலைக்குமுஸ்ஸலாம்.

அந்தப் பெரியவரின் கோபத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் பைத்துல்மால் சாய்ந்த இடம் அதுதான். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது (2:282, அதாவது 2ஆம் அத்தியாயம் 282ஆம் வசனம்). "ஈமான் கொண்டவர்களே" என்றுதான் அது தொடங்குகிறது. சகோதரர்களைப் பார்த்துத்தான் சீட்டு எழுதச் சொல்கிறது. தவணை குறித்து எழுதுங்கள், எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும், சாட்சி வையுங்கள், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலித்துக்கொள்ளாதீர்கள், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தொல்லை தராதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, நீங்கள் சந்தேகத்தில் விழாமல் இருக்க இதுவே நெருக்கமான வழி என்று காரணத்தையும் சொல்கிறது. சந்தேகம் வந்தபிறகு சகோதரத்துவம் எத்தனை நாள் தாங்கும்?

அதே வசனத்தில் பலரும் தாண்டிப்போகிற ஒரு சொல் இருக்கிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்குபவர். எழுதுபவர் அதைக் கேட்டு எழுத வேண்டும். நம் வழக்கம் நேர்மாறு. அச்சடித்த படிவத்தை நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடுங்க பாய்" என்கிறோம். அவரும் படிக்காமலே போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார். ஆறு மாதம் கழித்து, "அப்படியா எழுதியிருந்தது?" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையிலேயே அவருக்குத் தெரியாது.

ஆகவே வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு அவரைச் சொல்லச் சொல்லுங்கள். எவ்வளவு வாங்குகிறேன் (எண்ணிலும் எழுத்திலும்), எதற்காக, முதல் தவணை எந்தத் தேதியில், ஒவ்வொரு தவணையும் எவ்வளவு, கடைசித் தவணை எந்தத் தேதியில், நான் தராவிட்டால் யார் பொறுப்பு என்பதையெல்லாம் அவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அவரே கணக்குப் போட்டுப்பார்ப்பார். பாதியில், "இவ்வளவு முடியாது, தவணையைக் குறைச்சுக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி பணம் கைமாறுவதற்கு முன்னால் வந்துவிட்டால் ஒரு வாராக்கடன் குறைகிறது. "கைக்கு வரும்போது தருகிறேன்" என்ற வாசகம் மட்டும் வேண்டாம். தேதி இல்லாத கடன் யாருக்கும் ஞாபகம் இருக்காது. எழுதியதை உரக்கப் படித்துக்காட்டி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அவர் கையில் கொடுங்கள்.

தவணைத் தேதியில் பெரும்பாலான கமிட்டிகள் ஒரே தவறைத்தான் செய்கின்றன. எல்லாருக்கும் மாதம் 1ஆம் தேதி என்று வைத்துவிடுகிறார்கள். சம்பளக்காரருக்குச் சம்பளம் வந்து இரண்டு நாளில் கட்டும்படி வையுங்கள். நாள்கூலிக்காரரிடம் மாதத் தவணை கேட்டால், 30 நாள் பணத்தைத் தொடாமல் சேர்த்துவைக்கச் சொல்கிறோம் என்று அர்த்தம். வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே அது கரைந்துவிடும். அவருக்கு வாரத் தவணை; ஜும்ஆவுக்கு வரும்போது கட்டிவிட்டுப் போகட்டும்.

ஜாமீன் கேட்பதும் அவமானம் அல்ல. ஒரு ஜனாஸாவை (இறந்தவர் உடலை) கொண்டுவந்தபோது நபி (ஸல்) அவர்கள், இவருக்குக் கடன் உண்டா என்று கேட்டார்கள். மூன்று தீனார் இருந்தது, அடைக்க எதையும் விட்டுச்செல்லவில்லை. "உங்கள் தோழருக்கு நீங்களே தொழுகை நடத்துங்கள்" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். அபூகதாதா (ரலி), "அவருடைய கடன் என் பொறுப்பு" என்று ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. பிற்பாடு செல்வம் வந்தபோது, கடனோடு இறப்பவரின் கடனை அடைப்பது என் பொறுப்பு என்று அறிவித்ததும் அதே நபிதான். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடனை லேசாக எடுத்துக்கொள்ள விடவும் இல்லை, கடன்பட்டவரைக் கைவிடவும் இல்லை. தங்கள் கவசத்தையே அடகு வைத்துத்தான் ஒரு யூதரிடம் வாற்கோதுமை வாங்கியிருந்தார்கள். அது மீட்கப்படும் முன்பே அவர்கள் இறந்தார்கள். நபியிடம் அடமானம் கேட்கலாம், நம் சாச்சாவிடம் சீட்டு கேட்கக்கூடாதா?

இனி அந்த ஒற்றைப் பெட்டி. "அல்லாஹ்வுக்காகக் கொடுத்ததுதானே" என்று கடன் வாங்கியவர் சொல்வதற்கு வழி திறந்துவிட்டது நீங்கள்தான். தர்மமும் கடனும் ஒரே பெட்டியிலிருந்து வந்தால், தனக்குக் கிடைத்தது எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? குறைந்தது மூன்று கணக்கு வேண்டும்.

ஜகாத் யாருக்கு என்பதை 9:60 எட்டு வகையாக வரையறுத்துவிட்டது. வாங்குபவருக்கு அது உடைமையாகிவிட வேண்டும். திருப்பித் தா என்று கொடுப்பது ஜகாத் ஆகாது என்பதுதான் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அறிஞர்களில் பெரும்பாலோர் நிலை. ஆகவே ஜகாத்தைக் கடன் நிதியில் கலக்காதீர்கள். கட்டடத்துக்கும் திருப்பாதீர்கள். வந்ததை வருடக்கணக்கில் முடக்கியும் வைக்காதீர்கள். ஃபித்ராவுக்குக் காலக்கெடு உண்டு, பெருநாள் தொழுகைக்கு முன்னால் ஏழையின் கைக்குப் போய்விட வேண்டும். அது வருடம் முழுக்க உங்கள் கணக்கில் கிடக்கிறதென்றால் கொடுத்தவர் நம்பி ஒப்படைத்த அமானிதம் பாழாகிறது. மூன்றாவதுதான் சந்தாவும் பொது சதகாவும் (விருப்ப தர்மமும்). கர்ளன் ஹஸனா என்கிற வட்டியில்லாக் கடன் இதிலிருந்துதான் போக வேண்டும்.

சந்தா திரும்பக் கிடைக்கும் சேமிப்பா, கொடுத்துவிட்ட தர்மமா என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள். சேமிப்பு என்றால் உறுப்பினர் கேட்கும்போது தர வேண்டும், அந்தத் தொகைக்கு ஜகாத் கணக்குப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. தர்மம் என்றால் தனி உரிமையாளர் கிடையாது, யாரும் திரும்பக் கேட்கவும் முடியாது. இதைத் தெளிவாக வைக்காத சங்கங்கள், முதல் உறுப்பினர் வீடு மாற்றிப்போகும் நாளில் சண்டையில் உடைகின்றன.

நிர்வாகச் செலவு என்று கடனில் இத்தனை சதவீதம் பிடிப்பதையும் நிறுத்துங்கள். தாள், கணக்குப் புத்தகம், எழுதுபவர் கூலி என்று உண்மையில் ஆன செலவை வாங்கலாம். தொகை கூடக் கூட, காலம் நீள நீள அது ஏறினால் பெயர்தான் வேறு, அது வட்டியேதான். தாமதத்துக்கு அபராதம் போட்டு அதை நிதியின் வருமானமாக்குவதும் அப்படியே.

கணக்கைப் பாருங்கள். 60 பேர் மாதம் ஆளுக்கு ஒரு பங்கு சந்தா. 12 மாதத்தில் 720 பங்கு. கால்வாசி, அதாவது 180, அவசரத்துக்கு என்று தொடாமல் இருக்கட்டும். மீதி 540இல் ஆளுக்கு 30 பங்கு என்றால் 18 பேருக்குக் கடன். 10 தவணை என்றால் ஒருவர் கட்டுவது 3 பங்கு, மாதம் திரும்புவது 54. அதை வைத்தே ஏறக்குறைய மாதம் இரண்டு பேருக்குப் புதிதாகக் கொடுக்கலாம். 6 பேர் நிறுத்திவிட்டால் திரும்புவது 36. மாதம் ஒருவருக்குக் கொடுப்பதோடு சரி. பத்து மாதத்தில் 18 பேர் எழுந்திருக்க வேண்டிய இடத்தில் 12 பேர். தவணை தவறிய அந்த ஆறு பேர், தங்களைப் போலவே வட்டியில் கிடக்கும் இன்னொரு ஆறு பேரை வரிசையிலேயே நிறுத்திவிட்டார்கள். "பொதுப் பணம்தானே" என்பவரிடம் இதைத் தாளில் போட்டுக் காட்டுங்கள்; பயான் சொற்பொழிவைவிட வேலை செய்யும். இன்னொன்று, 18 கடனையும் ஒரே மாதத்தில் கொடுத்துவிடாதீர்கள். மாதம் மூன்றாகக் கொடுத்தால் திரும்புவதும் சீராக வரும், யார் எப்படி என்று தெரிந்துகொள்ள நேரமும் கிடைக்கும்.

கேட்கிறவரே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றீர்கள். கபீஸா (ரலி) அறிவித்து முஸ்லிம் நூலில் வரும் ஹதீஸ் இதற்கு நடைமுறையே சொல்லித்தருகிறது. மூன்று பேருக்குத்தான் கேட்க அனுமதி. பிறருடைய சண்டையைத் தீர்க்கப் பொறுப்பேற்றுக் கடனாளியானவர், அந்தத் தொகை அடையும் வரை கேட்கலாம். ஓர் ஆபத்து வந்து சொத்தை அழித்துவிட்டவர், வாழ்க்கை நிமிரும் வரை கேட்கலாம். வறுமையில் விழுந்தவர், அவருடைய சமூகத்தில் விவரமுள்ள மூன்று பேர் "இவர் வறுமையில் விழுந்தது உண்மைதான்" என்று சொன்ன பிறகு, வாழ்க்கை நிமிரும் வரை கேட்கலாம். மூன்றிலும் எல்லை உண்டு என்பதைக் கவனியுங்கள்; உதவி எங்கே நிற்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. மூன்றாவதில் சாட்சி ஊரார். கமிட்டித் தலைவர் அறையில் உட்கார்ந்து தீர்மானிக்கிற விஷயம் இல்லை அது.

ஆகவே மூன்று பேர். கேட்பவரின் தெருவில் இருப்பவர் ஒருவர், அவர் தொழில் தெரிந்தவர் ஒருவர், வீட்டுக்குள் போய்ப் பேசக்கூடிய பெண் ஒருவர். அந்தப் பெண் இல்லாத குழு பாதியைத்தான் பார்க்கும். கணவர் "சமாளிச்சுக்கிட்டிருக்கோம்" என்பார்; அடகுக்குப் போன நகையும் பள்ளிக்கூடத்துக்குக் கட்டாத பணமும் அடுப்படியில்தான் தெரியவரும். வாசல் பக்கமே வராதவர்களைக் கண்டுபிடிப்பதும் இந்த மூவர் வேலைதான். தன்மானத்தால் கேட்காதவர்களை, விவரமறியாதவர் செல்வந்தர் என்று நினைத்துவிடுவார் என்கிறது 2:273. வழக்கமாக வருபவர் திடீரென்று ஜமாஅத் தொழுகைக்கு வராமலிருப்பது, கடைக்காரரிடம் பற்று ஏறுவது, பிள்ளை படிப்பை நிறுத்துவது ஆகிய மூன்றும் போதும், போய்ப் பார்ப்பதற்கு. போகும்போது இரண்டு பேருக்கு மேல் போகாதீர்கள், படம் எடுக்காதீர்கள். வரவுசெலவை எல்லார் முன்னாலும் படியுங்கள். வாங்கியவர் பெயரை மட்டும் படிக்காதீர்கள். சொல்லிக்காட்டினால் தர்மம் அழிந்துவிடும் என்பது 2:264.

நின்றுபோன கடன்களை என்ன செய்வது? எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து மிரட்டவும் கூடாது, மன்னிக்கவும் கூடாது. "வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநியாயம்" என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். "சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள்" என்பது 2:280. எவர் எந்தப் பக்கம் என்பதை மேலே சொன்ன மூவர் போய்ப் பார்த்துச் சொல்லட்டும். வசதி இருந்தும் கட்டாதவரின் ஜாமீனைக் கூப்பிடுங்கள். சிரமப்படுபவருக்குப் புதுத் தேதி போட்டு, மறுபடி எழுதிக்கொள்ளுங்கள்.

எழுந்திருக்கவே முடியாதவருக்கு ஜகாத்தின் அந்த எட்டு வகையில் ஒன்றான கடன்பட்டோர் என்ற பங்கு இருக்கிறது. இங்கே பலர் குறுக்குவழியில் போவார்கள். கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு, அதே தொகையை ஜகாத் கணக்கில் செலவு என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலான அறிஞர்கள் இதை ஏற்பதில்லை. ஜகாத்தை அவர் கையில் கொடுங்கள், இதைக் கொண்டு எங்கள் கடனை அடை என்று நிபந்தனை போடாதீர்கள். அவர் வேறொரு வட்டிக்கடனை முதலில் அடைத்தால் அது அவர் உரிமை.

பணத்தை வைத்தே இவ்வளவும் பேசிவிட்டேன். பணம் இல்லாதவரும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முஃதா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்துக்கு உணவு தயாரியுங்கள், அவர்களைக் கவலையில் ஆழ்த்தும் செய்தி வந்திருக்கிறது என்றார்கள் நபி (ஸல்). இன்று மையித்து விழுந்த வீட்டிலேயே அடுப்பு மூட்டி வருபவர்களுக்கெல்லாம் ஆக்கிப்போடச் சொல்கிறோம், அதற்கும் அவர்கள் கடன் வாங்குகிறார்கள். குளிப்பாட்டத் தெரிந்த ஆண்கள் நான்கு பேர், பெண்கள் நான்கு பேர், மையித்தைப் போர்த்தத் தயாராக ஒரு கஃபன் துணி, கபர் தோண்ட ஆள், மூன்று நாள் உணவுக்கு எந்த வீடு என்ற பட்டியல் ஆகியவற்றை வைத்திருங்கள். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

பெரியவரிடம் 5:2ஐயும் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நன்மையிலும் இறையச்சத்திலும் உதவிக்கொள்ளுங்கள் என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். பாவத்திலும் வரம்பு மீறலிலும் உதவாதீர்கள் என்பது அடுத்த வாக்கியம். அதற்கு முன்னால், உங்களைக் கஅபாவுக்குப் போகவிடாமல் தடுத்தவர்கள் மீதுள்ள வெறுப்புகூட உங்களை வரம்பு மீறவைக்கக் கூடாது என்று வருகிறது. நம்மவர் என்பதற்காகத் தவறுக்குத் துணைபோவது இந்த வசனத்துக்கு எதிரானது. திரும்பி வராத கடனைப் பார்த்தும் பேசாமலிருப்பது அதில் ஒன்று.

அடுத்த ஜும்ஆவுக்கு முன்னால் மூன்று கணக்குப் புத்தகம் வாங்கிவிடுங்கள். பழைய கடன்காரர்களை ஒவ்வொருவராக, தனியாகக் கூப்பிடுங்கள். மிச்சம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லாதீர்கள், அவரையே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். பெரியவரை முதல் சாட்சியாக உட்காரவைக்க முடிந்தால் நல்லது.