அடுத்த தேதி தானாக வருமா?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் தராசு, தெர்மாமீட்டர், பிரஷர் கேஜ் என்று எழுபது கருவிகள். விவரங்களை மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஒரு டேபிளில் வைத்திருக்கிறேன். காலிபரேஷன் (அளவு சரியா என்று சோதிப்பது) செய்த தேதியைப் பதிந்துவிட்டு, அடுத்த தேதியைக் காலண்டர் பார்த்து நானே டைப் செய்கிறேன். சிலவற்றுக்கு 3 மாதம், சிலவற்றுக்கு 6, தராசுகளுக்கு 12. போன முறை இரண்டு கருவிகள் விட்டுப்போயின. அக்சஸே கணக்குப் போட்டுத் தராதா?

பதில்: தரும். ஆனால் முதலில் அந்த 'அடுத்த தேதி' ஃபீல்டை டேபிளிலிருந்து எடுத்துவிடுங்கள். கஷ்டப்பட்டு டைப் செய்ததாயிற்றே என்று மனசு வராதுதான். என்றாவது 'கடைசி தேதி'யை, அதாவது கடைசியாகக் காலிபரேஷன் செய்த தேதியை, திருத்திவிட்டு அடுத்ததைத் திருத்த மறப்பீர்கள். அப்புறம் எது சரி என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதில் 'இடைவெளி' என்று ஒரு எண் ஃபீல்டு போட்டு 3, 6, 12 என்று நிரப்புங்கள். அதைக் காலியாக விட முடியாதபடி 'ரிக்வயர்டு' என்பதை 'யெஸ்' ஆக்கிவிடுங்கள்.

இனி கணக்கு குவெரியில், அதாவது டேபிளிலிருந்து வேண்டியதை எடுத்துக் காட்டும் இடத்தில். காலியான ஒரு நெடுவரிசையில் டேட்ஆட் (DateAdd) என்ற ஃபங்ஷனை எழுதி, அடைப்புக்குறிக்குள் மூன்று விஷயங்களைத் தர வேண்டும்: மேற்கோள் குறிக்குள் எம் (m) என்ற எழுத்து (மாதம்), அடுத்து இடைவெளி ஃபீல்டு, கடைசியாகக் கடைசி தேதி ஃபீல்டு. ஃபங்ஷன் பெயரையும் எம்மையும் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

தேதியோடு 180-ஐக் கூட்டினால் ஆகாதா என்று கேட்கலாம். கூட்டலாம். அக்சஸுக்குத் தேதி என்பது வெறும் எண். 1899 டிசம்பர் 30-ஐப் பூஜ்யமாக வைத்து நாட்களை எண்ணுகிறது. ஆனால் 180 நாள் ஆறு மாதம் ஆகாது. சாதாரண வருடத்தில் ஜனவரி 15-ல் தொடங்கினால் ஜூலை 14-ல் நிற்கும்.

மாதக் கடைசியில் ஒரு வேடிக்கை உண்டு. ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28 வரும், லீப் வருடமானால் 29. நல்லது. அந்த 28-உடன் மறுபடி ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28 தான் கிடைக்கும், 31 திரும்பி வராது. வருடம் முழுவதற்கும் அட்டவணை போடுவதானால் ஒவ்வொரு முறையும் முதல் தேதியிலிருந்தே 1, 2, 3 மாதம் என்று கூட்டுங்கள்.

இன்னொன்று, நான் பட்டது. வருடக் கணக்கில் கூட்ட, எம்முக்குப் பதில் ஒய் (y) எழுத்தை நான்கு முறை அடிக்க வேண்டும். ஒரு தடவை ஒப்பந்தப் பட்டியல் ஒன்றில் ஒரே ஒரு ஒய் போட்டுவிட்டேன். தனி ஒய்க்கு நாள் என்று பொருள். எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. எல்லா ஒப்பந்தமும் கையெழுத்தான மறுநாளே முடிந்துபோனதாகக் காட்டியது. காலையில் பட்டியலைத் திறந்தவர் போனில் என்ன சொன்னார் என்பது இங்கே வேண்டாம். உங்களுக்கு அந்த வம்பே இல்லை, 12 மாதம் என்றே இருக்கட்டும்.

கடைசியாக, விட்டுப்போன அந்த இரண்டு கருவிகள். அடுத்த 30 நாளில் வருபவற்றைப் பார்க்கப் பலரும் குவெரியின் கிரைட்டீரியா வரியில் 'இன்று முதல் 30 நாள் வரை' என்று பிட்வீன் போடுவார்கள். அப்படிப் போட்டால் ஏற்கெனவே கெடு தாண்டியவை கண்ணிலேயே படாது. 'டேட் ஃபங்ஷனோடு (இன்றைய தேதியைத் தருவது) 30 கூட்டியதற்குச் சமம் அல்லது அதைவிடக் குறைவு' என்று மட்டும் போடுங்கள். கடைசி தேதியே பதியாத புதுக் கருவிக்கு அடுத்த தேதியும் காலியாகத்தான் இருக்கும், அதனால் இதிலும் வராது. கீழே 'ஆர்' வரியில், கடைசி தேதி ஃபீல்டுக்கு நேராக, 'இஸ் நல்' (Is Null, அதாவது காலியாக இருப்பது) என்று சேர்த்துவிடுங்கள்.