மண்டிக்குப் போகிற கடலை, வீட்டுக்கு ஆகிற கடலை

கேள்வி: எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். ஆடிப்பட்டத்தில் கடலை போடுகிறோம். ஓசூரில் வேலை பார்க்கும் என் கணவர் போன மாதம் ஒரு பாட்டில் பீநட் பட்டர் வாங்கி வந்தார். அன்றிலிருந்து பிள்ளைகள் காலையில் களியைத் தொடுவதில்லை. பிரெட்டில் அதைத் தடவித்தான் சாப்பிடுகிறார்கள். ‘வெள்ளைக்காரன் தீனி’ என்கிறார் மாமியார். ‘முழுக்க புரோட்டீன்’ என்கிறார் கணவர். நம் கடலையையே அரைத்துக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: தாராளமாக அரைக்கலாம். எந்தக் கடலையை என்பதுதான் என் கேள்வி.

உங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். காயை உடைத்து, பருப்பில் நல்லதெல்லாம் மூட்டையாகி மண்டிக்குப் போகும். சுருங்கினது, உடைந்தது, ஈரத்தில் கறுத்தது எல்லாம் ‘வீட்டுக்கு ஆகும்’ என்று டப்பாவில் விழும். ஆடியில் விதைத்தது ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் களத்துக்கு வருகிறது. சரியாகக் காயாத கடலையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். கல்லீரலைக் கெடுத்து, புற்றுநோய் வரை கொண்டுபோகிற சங்கதி. வறுத்தாலும் முழுசாகப் போகாது. கடலையை மெல்லும்போது ஒன்று கசந்தால் துப்பிவிடுகிறோம். அரைத்துவிட்டால் அந்த ஒன்று பாட்டில் முழுக்கக் கலந்துவிடும், நாக்குக்குத் தெரியவும் தெரியாது. அதனால் மண்டி மூட்டையைக் கட்டுவதற்கு முன்னால் இரண்டு படி எடுத்து வையுங்கள்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: கடலையே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். மிளகாயும் தக்காளியும்கூட அமெரிக்கக் கண்டங்களின் சரக்குதான். (தக்காளி விஷயத்தை, தக்காளிக்குப் பேர்போன பாலக்கோட்டில் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.) வறுத்த கடலையை விழுதாக்கும் முறைக்கு 1884-ல் காப்புரிமை வாங்கியவர் கனடாக்காரர் மார்செல்லஸ் எட்சன். களிக்கு நாம் அரைக்கிற கடலைச் சட்னியில் மிளகாயையும் தண்ணீரையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஏறக்குறைய அதேதான்.

கணவர் கணக்கும் தப்பு. 100 கிராம் கடலையில் புரோட்டீன் சுமார் 25 கிராம். கொழுப்பு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரும்பாலும் நல்ல கொழுப்புதான், இருந்தாலும் ஒருவேளைக்கு ஒரு கரண்டி போதும். எனக்கு வருத்தம் பாட்டில் வந்ததில் இல்லை, களி போனதில்தான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மைதா பிரெட் அதன் பக்கத்தில்கூட வராது. களி வேண்டாமென்றால் ராகி தோசை சுட்டு அதில் தடவிக் கொடுங்கள்.

அரைப்பதில் ஒரே ஒரு இடம்தான் கஷ்டம். சிறு தீயில் வறுத்து, ஆறியதும் தோலைத் தேய்த்து, முறத்தில் புடைத்து மிக்சியில் போடுங்கள். முதலில் பொடியாகும். அப்புறம் ஜார் ஓரத்தில் அப்பிக்கொண்டு அசையாமல் நிற்கும். இங்கேதான் பலரும் தண்ணீர் ஊற்றிக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஊற்றாதீர்கள். வழித்துவிட்டு, மிக்சி சூடாறியதும் மறுபடி ஓட்டினால் கடலையின் எண்ணெயே கசிந்து, விழுது இட்லி மாவு மாதிரி தளர்ந்து வரும். உப்பு, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை, அவ்வளவுதான். நாலு நாளில் மேலே எண்ணெய் மிதந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், கிளறினால் சரியாகிவிடும். கடைச் சரக்கு பலவற்றில் எண்ணெய் மிதக்காததற்குக் காரணம், அதில் சேர்க்கிற கெட்டியான தாவரக் கொழுப்பு. பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

பிள்ளைகளின் வயதை நீங்கள் எழுதவில்லை. நாலு வயதுக்குள் இருந்தால் கரண்டியோடு கொடுக்காதீர்கள், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். மெலிதாகத் தடவித்தான் தர வேண்டும்.

மாமியாருக்குக் களி உருண்டைக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வைத்துப் பாருங்கள். பெயரை மட்டும் சொல்லாதீர்கள்.